போர்டு கேம் அட்டைக் காசுக்குப் பதிலா நிஜ வெளிநாட்டு நாணயம்: எண்ணுறதுல இருந்து டப்பாவுல அடுக்குற வரைக்கும்

எங்க வீட்டு போர்ட்டோ ரிக்கோ கேம்ல இருந்த அட்டைக் காசு மூணு வருஷத்துலயே ஓரமெல்லாம் பிஞ்சு, வேர்வை பட்டுப் பட்டு ஊறிப்போய், ஒண்ணு எது அஞ்சு எதுன்னே தெரியாத நிலைமைக்கு வந்துடுச்சு. கேம் கம்பெனிங்க தனியா விக்கிற மெட்டல் காசு செட் விலையைப் பாத்தேன், இறக்குமதி, ஷிப்பிங் எல்லாம் சேத்தா கேமோட விலைல பாதி வருது. அப்பதான் வெளிநாட்டுல நிஜமாவே புழங்குன காசையே வெச்சு ஆடலாமேன்னு தோணுச்சு. தோணுனது ஒரு நாள்ல, ஆனா ஒழுங்கா முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தப்பான காசு கிலோ கணக்குல வந்துச்சு, ஒரு பார்சல் மாட்டிக்கிச்சு, நல்ல காசு கொஞ்சத்தைக் கழுவுறேன்னு நானே கெடுத்துட்டேன். இப்ப மூணு கேமுக்கு செட் ரெடியா இருக்கு, மூணுக்கும் சேத்து ஆன செலவு ஒரு புது கேம் விலைகூட இல்ல. நீங்க அந்த ஒரு வருஷத்தை வீணாக்க வேணாம்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல கேம் டப்பாவைத் திறந்து எண்ணுங்க

காசு தேடக் கிளம்புறதுக்கு முன்னாடி ரூல் புக்ல முதல் பக்கத்துல இருக்கிற பொருள் பட்டியலைப் பாருங்க. எந்த மதிப்புல எத்தனை காசுன்னு எண்ணிக்கையோட போட்டிருக்கும். போர்ட்டோ ரிக்கோவோட பழைய பதிப்புல ஒண்ணு மதிப்புல 46, அஞ்சு மதிப்புல 8. செவன் ஒண்டர்ஸ் டூயல்ல ஒண்ணு 14, மூணு 10, ஆறு 7. பெரிய செவன் ஒண்டர்ஸ் முதல் பதிப்புல ஒண்ணு 46, மூணு 24. டொகைடோல எல்லாமே ஒரே மதிப்பு, என் டப்பாவுல 50 இருந்துச்சு.

பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதனால நான் சொன்ன எண்ணிக்கையை நம்பாம உங்க டப்பாவைப் பாத்து ஒரு பேப்பர்ல எழுதுங்க: மதிப்பு, எத்தனை, அட்டைக் காசோட விட்டம் எத்தனை மி.மீ. ஸ்கேல் வெச்சு அளந்தா போதும். இந்தப் பேப்பர்தான் கடைசி வரைக்கும் கூட வரும். நான் இதை எழுதாம போய் "ஒரு நூறு காசு வாங்கிடலாம்"னு வாங்கி, கடைசில ஒண்ணு மதிப்புக்கு 15 காசு குறைஞ்சு அதே மாதிரி காசு தேடியே நாலு மாசம் போச்சு. ஒவ்வொரு மதிப்புக்கும் ரெண்டு மூணு காசு கூடுதலா வாங்குங்க, சோபா இடுக்குல போறது போகத்தான் செய்யும்.

இதுல நல்ல விஷயம் என்னன்னா பெரும்பாலான கேம்ல காசு அதிக மதிப்புக்குப் போகப் போக எண்ணிக்கை குறையும். ஒண்ணு மதிப்புக் காசு மலிவா நிறைய கிடைக்கணும், பெரிய மதிப்புக்கு ஏழெட்டு நல்ல கனமான காசு கிடைச்சா போதும்.

2. எந்தக் காசு? இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க

வீட்டுல கிடக்குற வெளிநாட்டுக் காசை எல்லாம் கொட்டி அழகா இருக்கிறதைப் பொறுக்காதீங்க. அழகு கடைசிதான். நாலு விஷயம் இந்த வரிசைல பாருங்க.

முதல் விஷயம் காசுல இருக்கிற எண். கேம்ல மூணு மதிப்புக்கு வெக்கிற காசுல 5ன்னு பெருசா எழுதியிருந்தா ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் அஞ்சுன்னு எண்ணிடுவாங்க. முதல் ஆட்டத்துல ஞாபகம் வெச்சுப்பாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு டயர்டா இருக்கும்போது கண்ணு எண்ணைத்தான் படிக்கும். அதனால ஒண்ணு, காசுல இருக்கிற எண்ணும் கேம் மதிப்பும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா காசுல நாம படிக்கிற மாதிரி எண்ணே இருக்கக் கூடாது. இந்த ரெண்டாவது வகையைத் தேடுறதுதான் இந்த வேலையோட உயிர்னு சொல்வேன். அப்படி எண்ணில்லாத காசு நிறைய இருக்கு:

ஒரு டாலருக்குக் கீழ இருக்கிற அமெரிக்கக் காசுல வருஷத்தைத் தவிர வேற எண் கிடையாது, ஒன் சென்ட், ஃபைவ் சென்ட்ஸ், ஒன் டைம் (பத்து சென்ட்டுக்கு அங்க டைம்னு பேர்) இப்படி எழுத்துலதான் இருக்கும். 1971க்கு முந்தைய பிரிட்டன் பென்னி, அரை பென்னி, ஃபார்திங் (கால் பென்னி) எல்லாமும் அப்படித்தான். ஜப்பான் அஞ்சு யென் காசுல மதிப்பு, வருஷம் ரெண்டுமே ஜப்பான் எழுத்துலதான் இருக்கும், இப்ப புழக்கத்துல இருக்கிற ஜப்பான் காசுல நம்ம படிக்கிற எண் இல்லாதது அது ஒண்ணுதான். குவைத், எமிரேட்ஸ் காசுல எண் இருக்கு ஆனா அரபி வடிவ எண், அதுல அஞ்சு பாக்க நம்ம சைபர் மாதிரி வட்டமா இருக்கும். அரபி படிக்கத் தெரிஞ்சவங்க கூட ஆடுனா மட்டும் யோசிங்க.

ரெண்டாவது அளவு. பெரிய மதிப்புக்குப் பெரிய காசு. கேக்க சுலபமா இருக்கும், ஆனா நான் விழுந்த குழி இதுதான். அமெரிக்கால இருந்து வந்த ஃப்ரெண்டு ஒருத்தர் ஒரு பை நிறைய சென்ட், நிக்கல், டைம் கொண்டு வந்து குடுத்தார். 1, 5, 10னு மதிப்பு சரியா வருதேன்னு பவர் கிரிட் கேம்ல பத்து எலெக்ட்ரோவுக்கு (அந்த கேமோட பணத்துக்குப் பேர்) டைம் காசை வெச்சேன். பத்து சென்ட் டைம் 17.9 மி.மீ, ஒரு சென்ட் 19 மி.மீ, அஞ்சு சென்ட் நிக்கல் 21.2 மி.மீ. அதாவது பத்து மதிப்புக் காசு மூணுலயும் சின்னது! ஆட்டம் முழுக்க எல்லாரும் டைமைச் சில்லறை மாதிரி தள்ளிவிட்டுட்டு நிக்கலைப் பொத்தி வெச்சாங்க. கடைசில கணக்கு யாருக்கும் ஒத்துவரல, ஆட்டத்தையே பாதில விட்டோம்.

ஒரே நிறத்துல ரெண்டு மதிப்பு வெச்சா விட்டத்துல 3 மி.மீ ஆச்சும் வித்தியாசம் இருக்கணும். மலேசியா 2012ல இருந்து புழக்கத்துல விட்ட காசைப் பாருங்க, 5 சென் 17.8 மி.மீ, 10 சென் 18.8 மி.மீ, ரெண்டும் வெள்ளை நிற ஸ்டீல். டேபிள்ல போட்டா எது எதுன்னு எடுத்துப் பாத்தாதான் தெரியும். 20 சென்னும் 50 சென்னும் மஞ்சள், 20.6க்கும் 22.7க்கும் நடுவுல ரெண்டு மி.மீ.தான். நம்ம ஊர் ஸ்டீல் ஒரு ரூபா ரெண்டு ரூபாயை பஸ்ல கண்டக்டர் கைல குடுக்கும்போது தடவித் தடவிப் பாப்போமே, அதே கஷ்டம்.

மூணாவது நிறம். யாரும் சொல்லிக் குடுக்காமலே எல்லார் மனசுலயும் செம்பு, வெள்ளி, தங்கம்னு ஏறுவரிசை இருக்கு. வெள்ளை நிறத்தை ஒண்ணுக்கும் செம்பு நிறத்தை அஞ்சுக்கும் வெச்சீங்கன்னா ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் கேப்பார். நிறமும் அளவும் ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டா அளவு வித்தியாசம் ரொம்பப் பெருசா இருந்தா மட்டும்தான் அளவு ஜெயிக்கும், 5 மி.மீ.க்கு மேல.

நாலாவது கனம். மெட்டல் காசுக்கு மாறுறதே கைல அந்தக் கனம் தெரியணும்னுதான். ஜப்பான் ஒரு யென் சுத்த அலுமினியம், சரியா 1 கிராம், தண்ணில மெதுவா வெச்சா மிதக்கும். அதை வெச்சு ஆடுனா அட்டைக் காசே மேல்னு தோணும். நம்ம பழைய அலுமினியப் பைசா எல்லாமும் இதே கதைதான். 2.5 கிராமுக்குக் குறையாம பாருங்க, 4, 5 கிராம் இருந்தா சொகம்.

3. நான் முடிச்ச மூணு செட், கணக்கோட

போர்ட்டோ ரிக்கோவுக்கு குவைத் காசு. குவைத் காசு எல்லாத்துலயும் ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், தௌன்னு சொல்ற அரபு மரக்கலம். கப்பல்ல சரக்கு ஏத்துற கேமுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. அங்க ஆயிரம் ஃபில்ஸ் சேந்தா ஒரு தினார். முதல்ல 20 ஃபில்ஸை ஒண்ணுக்கும் 10 ஃபில்ஸை அஞ்சுக்கும் வெச்சுப் பாத்தேன், வெள்ளை, மஞ்சள்னு நிற வரிசை சரியா வந்துச்சு ஆனா அளவு 20 மி.மீ, 21 மி.மீ. மங்கலான லைட்ல ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் 5 ஃபில்ஸை ஒண்ணுக்கும் 100 ஃபில்ஸை அஞ்சுக்கும் மாத்துனேன். அஞ்சு ஃபில்ஸ் மஞ்சள், 19.5 மி.மீ, 2.5 கிராம். நூறு ஃபில்ஸ் வெள்ளை, 26 மி.மீ, 6.5 கிராம். நிறம் தலைகீழ்தான், ஆனா அளவு அவ்வளவு தள்ளி இருக்கிறதால ஒரு ஆட்டம்கூட யாரும் குழம்பல.

செலவு: 46 காசு 5 ஃபில்ஸ்னா 230 ஃபில்ஸ், 8 காசு 100 ஃபில்ஸ்னா 800 ஃபில்ஸ். மொத்தம் ஒரு தினாருக்குக் கொஞ்சம் மேல, நம்ம காசுக்கு ஏறக்குறைய 300 ரூபா. கஷ்டம் எங்கன்னா அஞ்சு ஃபில்ஸ் 46 சேர்றதுதான். குவைத்ல இருக்கிற எங்க பெரியம்மா பையன், அண்ணன், கடைல மீதி வாங்குறப்ப எல்லாம் ஒதுக்கி வெச்சு ஆறு மாசத்துல சேத்தார். கூட ரூம்ல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வெச்சிருந்தார், இல்லன்னா இன்னும் ஆயிருக்கும்.

செவன் ஒண்டர்ஸ் டூயலுக்குப் பழைய பிரிட்டன் காசு. ஃபார்திங் 20 மி.மீ, அரை பென்னி 25 மி.மீ, பென்னி 31 மி.மீ. மூணும் வெண்கலம், ஒரே நிறம், ஆனா படிப்படியா அஞ்சஞ்சு மி.மீ ஏறுது, கண்ணை மூடிக்கிட்டே எடுக்கலாம். ஃபார்திங்ல சின்ன ரென் குருவி, அரை பென்னில கப்பல், பென்னில சூலத்தோட உக்காந்திருக்கிற பிரிட்டானியாங்கிற பெண் உருவம். குருவியும் கப்பலும் 1937ல இருந்துதான் வந்துச்சு, அதுக்கு முந்தினதுல எல்லாத்துலயும் பிரிட்டானியாதான், அதனால குருவி வேணும்னா வருஷம் பாத்துக் கேளுங்க. 14, 10, 7ன்னு மொத்தம் 31 காசு, 160 கிராம் சொச்சம். பென்னி ஒண்ணே 9.4 கிராம், அதைக் கைல எடுத்து ஆறு காசு குடுக்கும்போது நிஜமாவே ஏதோ பெருசா வாங்குற மாதிரி இருக்கும்.

டொகைடோவுக்கு ஜப்பான் அஞ்சு யென். பித்தளை, நடுவுல ஓட்டை, 22 மி.மீ, 3.75 கிராம். நெற்கதிர், தண்ணி, பல்சக்கரம் மூணும் அதுல இருக்கும், விவசாயம் மீன்பிடி தொழில்னு அர்த்தம். 50 காசு 250 யென், நம்ம காசுக்கு 150 ரூபா பக்கம்தான், மொத்தக் கனம் 190 கிராம். நூல்ல கோத்து வெச்சா எண்ணவும் சுலபம். ஜப்பான்ல நடந்து போற கதைக்கு ஜப்பான் காசே அமைஞ்சதால இந்த செட்டைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரொம்ப சீக்கிரமா, மலிவா ஒண்ணு வேணும்னா: ஒண்ணுக்கு அமெரிக்க சென்ட், அஞ்சுக்கு நிக்கல். டைமைத் தொடாதீங்க. போர்ட்டோ ரிக்கோவுக்கு 46 சென்ட்டும் 8 நிக்கலும் சேத்து 86 சென்ட், அதாவது நூறு ரூபாகூட வராது. ஒரு சென்ட் புதுசா அச்சடிக்கிறதை 2025 நவம்பர்ல நிறுத்திட்டாங்க, ஆனா கோடிக்கணக்குல வெளில கிடக்கு, அதைச் சாக்கா வெச்சு யாராவது விலை ஏத்திச் சொன்னா வாங்காதீங்க.

வெளிநாட்டுக் காசுதான்னு இல்ல, ஓட்டைக் காலணா கிடைச்சாலும் விடாதீங்க. 1943ல இருந்து 1947 வரைக்கும் வந்த செம்பு நிறக் காசு, அஞ்சு யென் கூட ஜோடியா வெச்சா ஓட்டையும் ஓட்டையும் சேந்து நூல்ல அவ்வளவு அழகா நிக்கும். "ஓட்டைக் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்ல"ன்னு பாட்டி திட்டுவாங்க, ஆனா இப்ப வியாபாரிகிட்ட அது யென்னை விட விலை கூட.

4. எங்க வாங்கறது, எவ்வளவு குடுக்கலாம்

மலிவு வரிசைல சொல்றேன். முதல்ல சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியான்னு போய் வர்றவங்க வீட்டுல ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சில்லறை இருக்கும். பணம் மாத்துற கடைல நோட்டுதான் எடுப்பாங்க, காசு எடுக்க மாட்டாங்க, அதனால அது அப்படியே கிடக்கும். கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ஆனா சும்மா வர்ற கலப்புக் காசுல செட் சேராது, முப்பது வகைல ரெண்டு ரெண்டு வரும். மாதிரி பாக்க மட்டும்தான் அது உதவும்.

ரெண்டாவது நாணயக் கண்காட்சி. திருச்சி, மதுரை, கோவை, சென்னைனு நடக்கும், பெரும்பாலும் ரெண்டு மூணு நாள். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறதைப் பாக்காம நேரா தட்டுல கொட்டி வெச்சிருக்கிற கலப்புக் காசுக்குப் போங்க, எதை எடுத்தாலும் இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. நான் போனப்ப 10 ரூபா தட்டு, 20 ரூபா தட்டுன்னு இருந்துச்சு. ஃபார்திங், அரை பென்னி எல்லாம் அங்கதான் பொறுக்குனேன். கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல போங்க, மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போறதை விட மொத்தமா தள்ளிவிடலாம்னு அவங்களுக்கும் இருக்கும். "அண்ணே, ஒரே மாதிரி 14 வேணும், அழுக்கா தேஞ்சு இருந்தாலும் பரவால்ல, விளையாடத்தான்"னு முதல்லயே சொல்லிடுங்க. அப்படிச் சொன்னா சேகரிப்புக்குன்னு வெச்சிருக்கிற நல்லதைக் காட்டி விலை சொல்ல மாட்டாங்க, உள்ள இருந்து தேஞ்சதை எடுத்துக் குடுப்பாங்க. தேஞ்ச காசுதான் நமக்கு நல்லது, ஓரம் மழுங்கி இருக்கும், போர்டைக் கீறாது.

அரிதான வருஷம், அதிர்ஷ்டக் காசு, பிழை அச்சு, இந்த மாதிரி வார்த்தை காதுல விழுந்தா அடுத்த தட்டுக்கு நகருங்க. விளையாட்டுக் காசுக்கு அரிது என்கிறதுக்காக ஒரு ரூபாகூட கூடக் குடுக்க வேணாம்.

விலை விஷயத்துல ஒரு சூட்சுமம். இன்னும் செல்லுபடியாகுற காசை அதோட முகமதிப்புக்குக் கீழ யாரும் குடுக்க மாட்டாங்க. ரெண்டு யூரோ காசு பாக்க அவ்வளவு அழகு, வெள்ளை வளையத்துக்குள்ள மஞ்சள், 8.5 கிராம், ஆனா ஒண்ணு ஏறக்குறைய 200 ரூபா. 24 காசு வாங்குனா நாலாயிரத்தைத் தாண்டும், அதுக்கு கேம் கம்பெனி மெட்டல் செட்டே வாங்கிடலாம். செல்லாக்காசாப் பாத்து வாங்குங்க. செல்லாக்காசுலயும் ரெண்டு வகை இருக்கு. ஜெர்மன் மார்க்கை இன்னிக்கும் அவங்க மத்திய வங்கில யூரோவா மாத்தலாம், கெடு கிடையாது, அதனால விலை இறங்காது. இத்தாலி லிராவை மாத்துறதுக்குக் கெடு 2011லயே முடிஞ்சுபோச்சு, ஸ்பெயின் பெசேட்டாவுக்கு 2021 ஜூன்ல முடிஞ்சுது. அதெல்லாம் இனி வெறும் உலோகம்தான், தட்டுல மலிவா கிடக்கும். 1990கள்ல வந்த ஸ்பெயின் 25 பெசேட்டா மஞ்சள் நிறத்துல ஓட்டையோட ரொம்ப நல்லா இருக்கும், ஆனா 25ன்னு எண் இருக்கு, ஒரே மதிப்புக் காசு உள்ள கேமுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

மூணாவது, வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வாங்குறது. இதுல என் அனுபவம் நல்லா இல்ல. காசு விலை 900 ரூபா, பார்சல் சுங்கத்துல நின்னு, அடையாள ஆவணம் கேட்டு, வரியும் கூரியர்காரங்க கையாளுற கட்டணமும் சேந்து காசு விலையைத் தாண்டிடுச்சு, வந்து சேர ஏழு வாரம். வேற வழியே இல்லன்னா மட்டும் இதுக்குப் போங்க, அதுக்கான பேப்பர் விவரம் கீழ ஆறாவதுல.

4 கிராம் காசு 100 வாங்குனா 400 கிராம் ஆகும், இந்தியாவுக்குள்ளயே கூரியர்ல வாங்குறதா இருந்தாலும் எடைக்கு எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுடுங்க.

5. ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது

"வரும்போது கொஞ்சம் சில்லறை கொண்டு வாங்க"ன்னு சொல்லாதீங்க. நான் அப்படிச் சொல்லி எனக்கு வந்தது எல்லாமே 50, 100 ஃபில்ஸ், ஒண்ணு மதிப்புக்கு ஒண்ணுமே இல்ல. வேணுங்கிற காசோட போட்டோ ரெண்டு பக்கமும் எடுத்து, எத்தனைன்னு எண்ணிக்கை போட்டு வாட்ஸப்ல அனுப்புங்க. லீவுக்கு வர்றதுக்கு நாலு மாசமாச்சும் முன்னாடி சொல்லுங்க, கிளம்புற வாரத்துல சொன்னா அவங்களுக்கு பெட்டி கட்டுறதே பெரிய வேலை. காசோட மதிப்பைக் கணக்குப் பாத்து பணத்தைக் கண்டிப்பா குடுத்துடுங்க, சின்னத் தொகைன்னு விடாதீங்க, அடுத்த தடவையும் கேக்கணும் இல்லையா.

காசு மொத்தத்தையும் ஒரே பொட்டலமா கைப்பைல வெச்சா ஸ்கேனர்ல கருப்பா கட்டியா தெரியும், பிரிச்சுக் காட்டச் சொல்வாங்க. சின்னச் சின்ன ஜிப் கவர்ல பிரிச்சு, மேல "காசு, 46"ன்னு எழுதி, எடுக்க வாகா மேலாக்க வெக்கச் சொல்லுங்க. திறந்து காட்ட ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

முக்கியமா ஒண்ணு: வெள்ளிக் காசு கலந்துடக் கூடாது. தங்கம், வெள்ளிக் காசு எல்லாம் பயணிகளுக்கான வரியில்லாச் சலுகைல வராது. 1947க்கு முந்தைய பிரிட்டன் ஆறு பென்ஸ், ஷில்லிங், 1964 வரைக்குமான அமெரிக்க டைம், குவார்ட்டர் எல்லாத்துலயும் வெள்ளி இருக்கு. செம்பு, பித்தளை, நிக்கல் மட்டும் போதும்னு தெளிவா சொல்லிடுங்க.

6. பேப்பர், சட்டம்

வெளிநாட்டு நாணயம் வீட்டுல வெச்சுக்கலாமான்னு நிறைய பேர் பயப்படுறாங்க. நோட்டுக்குத்தான் 2000 டாலர் மதிப்புங்கிற வரம்பு இருக்கு. நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி எந்த வரம்பும் கிடையாது, இந்தியால இருக்கிறவங்க எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கலாம். கண்காட்சில வாங்குனா எந்த ஆவணமும் வேணாம், ஆனா பில் கேட்டு வாங்கி கேம் டப்பாவுக்குள்ளயே போட்டு வெச்சுடுங்க.

தபால்லயோ கூரியர்லயோ வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா மூணு பேப்பர் ரெடியா இருக்கணும்: விக்கிறவர் குடுத்த இன்வாய்ஸ், அதுல எந்த நாட்டுக் காசு, எத்தனை, என்ன உலோகம், என்ன விலைன்னு தெளிவா இருக்கணும், அப்புறம் நீங்க பணம் கட்டுனதுக்கான ஆதாரம், அப்புறம் பான் இல்லன்னா ஆதார் நகல். என் பார்சல் மாட்டுனதுக்குக் காரணமே இன்வாய்ஸ்ல வெறுமனே "காசு, ஒரு பை"ன்னு எழுதியிருந்ததுதான். விக்கிறவர்கிட்ட மறுபடி இன்வாய்ஸ் வாங்கி அனுப்பவே ரெண்டு வாரம் போச்சு. சாதாரணக் கவர்ல காசு போட்டு அனுப்புறதை நிறைய நாட்டுத் தபால் துறை அனுமதிக்கிறது இல்ல, பதிவு பண்ணாத கவர்ல வேணவே வேணாம்.

நூறு வருஷம் தாண்டுன காசு பத்தி ஒரு எச்சரிக்கை. 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான நாணயம் தொல்பொருள் கணக்கு, அதை அனுமதி இல்லாம இந்தியாவை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. இது ஏன் நமக்குன்னா, பிராஸ் பர்மிங்ஹாம் ஆடுறவங்க பர்மிங்ஹாம்லயே அச்சடிச்ச பென்னி தேடுவாங்க. அந்த ஊர் ஹீட்டன் நாணய ஆலைல அடிச்சதுல வருஷத்துக்குப் பக்கத்துல சின்னதா எச்-னு ஒரு எழுத்து இருக்கும், 1912, 1918, 1919 வருஷத்துல வந்தது. எனக்கு ஒண்ணே ஒண்ணு கிடைச்சது, அந்த கேமுக்கு முதல் ஆட்டக்காரர் அடையாளமா வெச்சிருக்கேன். அதெல்லாம் நூறைத் தாண்டியாச்சு. இங்க வெச்சு ஆடலாம், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது கேமோட சேத்து பெட்டில போட்டுடாதீங்க.

இந்தியக் காசை ஓட்டை போடுறது, உருக்குறது, அடிச்சு நசுக்குறது 2011ம் வருஷ நாணயச் சட்டப்படி குற்றம். ஓட்டைக் காசு அழகா இருக்கேன்னு நம்ம காசுல டிரில் போடாதீங்க, ஓட்டையோடயே பிறந்த காசு உலகத்துல எவ்வளவோ இருக்கு.

7. கழுவுறது: புளி வேண்டாம்

செம்பு, பித்தளைன்னா உடனே நம்ம கை புளிக்குப் போகும். நானும் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி பென்னியைப் புளி போட்டுத் தேச்சேன். பளிச்சுன்னு வந்துச்சு, ஆனா ரோஸ் கலர்ல, வருஷக்கணக்கா ஏறியிருந்த அந்தக் கரும்பழுப்பு நிறம் மொத்தமா போயி குருவி, கப்பல் எல்லாம் தட்டையா தெரிஞ்சது. ரெண்டு மாசத்துல திட்டுத்திட்டா கருத்துப்போச்சு, அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியல. 1982க்கு அப்புறம் வந்த அமெரிக்க சென்ட் இன்னும் மோசம், உள்ள துத்தநாகம், மேல செம்பு முலாம்தான். எங்கயாவது கீறல் இருந்து புளியோ வினிகரோ உள்ள போச்சுன்னா அரிச்சுடும்.

வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். பத்து நிமிஷம் ஊற வெச்சு லேசா தேச்சு, நல்ல தண்ணில அலசி, காட்டன் துணில ஒத்தி எடுத்து ஒரு ராத்திரி ஃபேன் காத்துல பரப்பி வெச்சுடுங்க. செம்பு, ஸ்டீல், நிக்கல் தனித்தனியா கழுவுங்க. பச்சையா பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா அது பழைய பிளாஸ்டிக் கவர்ல இருந்து வந்தது, சோப்புக்குப் போகாது, அசிட்டோன்ல முக்கி எடுத்தா போயிடும். ஜன்னலைத் திறந்து வெச்சு, அடுப்பு பக்கம் இல்லாம பண்ணுங்க. சிறு யூரோ சென்ட் மாதிரி முலாம் பூசுன ஸ்டீல் காசு கடலோர ஊர்ல துருப்பிடிக்கும், டப்பாவுல ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.

8. டேபிள்லயும் டப்பாவுலயும்

காசை டேபிள்ல இழுக்காதீங்க, எடுத்து வைங்கன்னு முதல் ஆட்டத்துலயே சொல்லிடுங்க, போர்டுல கோடு விழும். காசு கொட்டி வெக்க ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வெச்சா சத்தம் தாங்காது, மரக் கிண்ணமோ துணி விரிச்ச தட்டோ நல்லது. கார்டு மேல காசு வெக்கிற கேமா இருந்தா கார்டுக்கு சிலீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டுடுங்க.

டப்பாவுல ஜிப் கவர்ல போட்டு மேலாக்க வெச்சா கவுந்தா எல்லாத்தையும் நசுக்கும். அடில, நடுவுல வைங்க. மூடி இருக்கிற சின்ன மாத்திரை டப்பா, ஹோமியோபதி டப்பா எல்லாம் 20 மி.மீ காசுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா ஆட்டம் முடிஞ்சதும் எண்ணித்தான் மூடணும், ஒவ்வொரு மூடியிலும் எண்ணிக்கையை எழுதி ஒட்டியிருக்கேன், 46, 8ன்னு. ஒரு காசு குறைஞ்சாலும் தேடாம யாரும் எழுந்திருக்க மாட்டோம். சிலருக்கு நிக்கல் பட்டா கை அரிக்கும், அப்படி ஒருத்தர் உங்க குழுவுல இருந்தா வெண்கல, பித்தளைக் காசாவே செட் போடுங்க.

பழைய அட்டைக் காசைத் தூக்கிப் போடாதீங்க. கேமை விக்கிறதா இருந்தா அது வேணும், பெரிய மதிப்பு பத்தலன்னா கைகொடுக்கும்.

9. மீதியானதை என்ன பண்றது

எப்படியும் பாதிக்குப் பாதி மீதி வரும். அடுத்த கேமுக்கு ஆகும்னு நாடு வாரியா கவர்ல போட்டு வைங்க, இல்லன்னா இதே வேலைல இறங்குன வேற ஆளோட மாத்திக்கோங்க, எனக்கு மூணு ஃபார்திங் அப்படித்தான் வந்துச்சு, பதிலுக்கு ஒரு பிடி டைம் குடுத்தேன். ஆன்லைன்ல விக்கப் போட்டா மட்டும் கவனம். "உங்க பழைய காசு லட்ச ரூபாய்க்குப் போகும், முதல்ல பதிவுக் கட்டணம், கமிஷன், வரி கட்டுங்க"ன்னு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே ஃபோன் வரும். ரிசர்வ் வங்கி அப்படி எந்தக் கமிஷனும் கட்டணமும் கேக்கிறது இல்லன்னு 2021 ஆகஸ்ட்ல அவங்களே எச்சரிக்கை விட்டிருக்காங்க. காசு விக்க நீங்க யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்ல, கட்டச் சொன்னா ஃபோனை வெச்சுடுங்க. கண்காட்சி வியாபாரிகிட்ட மொத்தமா எடை போட்டுக் குடுத்தா தட்டு விலைல கால்வாசிகூட வராது, ஆனா அதுக்குப் பதிலா அவர் தட்டுல இருந்து காசுக்குக் காசு மாத்திக்கக் கேட்டா பெரும்பாலும் ஒத்துப்பார்.